குரங்குக்கு ஒரு தேங்காய்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதம் தவறாமல் ஒரு பழக்கடை திறக்கிறது. மூன்று ஆப்பிளைக் கூட்டினால் 30. ஓர் ஆப்பிளும் இரண்டு கொத்து வாழைப்பழமும் சேர்ந்தால் 18. வாழைப்பழத்திலிருந்து தேங்காயைக் கழித்தால் 2. அப்படியானால் தேங்காய், ஆப்பிள், வாழைப்பழம் மூன்றும் சேர்ந்து எவ்வளவு? மேலே கொட்டை எழுத்தில், நூற்றுக்கு 99 பேர் இதில் தோற்பார்கள் என்று ஒரு மிரட்டல். சித்தப்பா 16 என்றார். டல்லாஸில் இருக்கும் அவருடைய மாப்பிள்ளை, கடைசி வரியில் இருப்பது அரை மூடித் தேங்காய்தான், கொத்திலும் மூன்று பழம்தான், ஆகவே 14 என்றார். அதற்குப் பிறகு குழு இரண்டு நாள் மௌன விரதம் இருந்தது.

இந்தக் கணக்கில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இத்தனை பழத்தையும் வாங்கியது யார்? எந்த விசேஷத்துக்கு? வாழைப்பழத்திலிருந்து தேங்காயைக் கழிக்கும் அளவுக்கு அந்த வீட்டில் என்னதான் நடந்தது?

நான் வளர்ந்த காலத்தில் கணக்குக்குள் ஆட்கள் குடியிருந்தார்கள். பெரும்பாலும் அயோக்கியர்கள். அதனால்தான் கேட்கச் சுவாரசியமாக இருந்தது.

பெரியப்பா கும்பகோணத்தில் ஒரு நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. மாகாணி, அரைக்கால், முந்திரி எல்லாம் அவர் வாயில் வெற்றிலைச் சாற்றோடு சேர்ந்தே புரளும். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தை அவர் படித்தாரா, யாராவது சொல்லக் காதில் வாங்கிக்கொண்டாரா, தெரியாது. பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்வார். காம்பைச் சுற்றியிருக்கும் சிறு முள்ளை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு, அவ்வளவுதான். பழத்தை அறுத்துச் சுளையை எண்ணிச் சரிபார்ப்பதற்குள் பாதியை நாங்கள் தின்று தீர்த்திருப்போம். ஆகையால் எங்கள் வீட்டில் அந்தச் சூத்திரம் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

ராத்திரி சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்தால் கதை. ஒரு மிராசுதார், மகா கஞ்சன். வரப்புத் தகராறில் கேஸ் ஜெயித்தால் மூன்று கோயிலுக்குப் பூப் போடுவதாக வேண்டிக்கொண்டான். ஜெயித்தும் விட்டது. “சாமி இவ்வளவு சீக்கிரம் காரியத்தை முடிச்சுடும்னு அவன் எதிர்பார்க்கலைடா” என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா வெற்றிலையில் நரம்பு கிழிப்பார். மூன்று கோயிலுக்கும் ஒரே எண்ணிக்கையில் போட வேண்டும். இல்லாவிட்டால் சாமிகளுக்குள் மனஸ்தாபம் வரும். பூவோ யானை விலை. அப்போதுதான் மிராசுதாருக்கு ஒரு சேதி தெரிகிறது. அந்தக் கோயில்களின் குளத்தில் முக்கி எடுத்தால் கையிலிருக்கும் பூ இரண்டு மடங்காகும். ஒரு கோயிலுக்கு ஒரு தடவைதான். முதல் குளத்தில் முக்கினான், கோயிலில் போட்டான். மிச்சத்தை இரண்டாவது குளத்தில் முக்கினான், போட்டான். மூன்றாவதிலும் அப்படியே. வெளியே வந்து பார்த்தால் கை காலி. வீட்டில் அவன் பெண்டாட்டி தலையை வாரிப் பின்னிக்கொண்டு, புருஷன் பூ கொண்டு வருவான் என்று வாசலில் நிற்கிறாள்.

“அவ என்ன சொன்னா பெரியப்பா?”

“அதைச் சொல்லணும்னா, கடைக்காரிகிட்ட அவன் எத்தனை பூ வாங்கினான்னு நீ முதல்ல சொல்லு.”

கதை பிணையில் இருக்கும். நாங்கள் அடுப்புக்கரியை எடுத்துக்கொண்டு தரையில் இறங்குவோம். யாரும் எங்களைக் கணக்குப் போடச் சொல்லவில்லை. அந்த அம்மாளின் வாயிலிருந்து என்ன வந்தது என்பது எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும், அதற்குக் குறுக்கே ஒரு எண் நிற்கிறது, அவ்வளவுதான். முன்னாலிருந்து போனால் முட்டிக்கொள்ளும். பெரியப்பா பாக்கை மென்றபடி, “வந்த வழியே திரும்பிப் போய்ப் பாரேன்” என்பார். கடைசிக் கோயிலில் ஆறு போட்டான் என்று வைத்துப் பார். குளத்துக்கு முன்னால் மூன்று. அதற்கு முந்தின கோயிலில் ஆறு போட்டிருக்கிறான், ஆக ஒன்பது. குளத்துக்கு முன்னால் நாலரை. அரைப் பூவை எந்தப் பூக்காரி விற்பாள்? அழித்துவிட்டு எட்டை வை. எட்டுக்கு முன் நான்கு. நான்கும் எட்டும் பன்னிரண்டு, அதில் பாதி ஆறு. ஆறும் எட்டும் பதினான்கு, அதில் பாதி ஏழு. ஏழே பூ வாங்கி 24 பூ காணிக்கை போட்டிருக்கிறான்!

ஏழு என்று கத்தியதும் பெரியப்பா கதவைத் திறந்துவிடுவார். பெண்டாட்டி சொன்னது இது: “அட கஞ்சப் பயலே, இன்னும் ஒரே ஒரு பூ சேர்த்து வாங்கியிருந்தா என் தலைக்கு எட்டுப் பூ மிஞ்சியிருக்குமேடா!”

நாங்கள் சிரிப்போம். பிறகு ஒருவன் சிரிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி கரியை எடுப்பான். எட்டு வாங்கினால் 16, எட்டைப் போட்டால் எட்டு மிச்சம்; மூன்று கோயிலுக்கும் அதே கதை. அவள் சொன்னது நிஜம். மிராசுதார் வீட்டில் கணக்குத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

பள்ளிக்கூடத்துக் கணக்குக்கும் இதற்கும் ஒட்டு உறவு கிடையாது. அங்கே ஒரு தொட்டி இருக்கும். ஒரு குழாய் அதை நிரப்பும், இன்னொன்று காலி பண்ணும், இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்ட மகானுபாவனை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். தொட்டி எப்போது நிரம்பும் என்று எங்களைத்தான் கேட்பார்கள். ஆர்.கே. நாராயண் 1935-இல் எழுதிய முதல் நாவலில் சுவாமிநாதன் என்ற பையன், மாம்பழ விலைக் கணக்கைப் போடச் சொன்ன அப்பாவிடம், பழம் பழுத்ததா காயா என்று விசாரிக்கிறான். கணக்கைக் கதையாகப் படித்த பையன். உலகம் அவனைக் கணக்கு வராதவன் என்று முடிவு கட்டிவிட்டது.

அந்த நாளில் வாரப் பத்திரிகைகளில் துணுக்கும் சிரிப்பும் கலந்த புதிர்கள் வரும். விடை பின்பக்கம் ஒன்றில் தலைகீழாக அச்சாகியிருக்கும். வாசகசாலையில் ஒருவர் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்தால் போதும், அவர் தோற்றுவிட்டார் என்று மேஜை முழுக்கத் தெரிந்துவிடும். அந்த அவமானத்துக்கு அஞ்சியே பலர் தாமாக விடை கண்டுபிடித்தார்கள். ‘விடை அடுத்த இதழில்’ என்றால் இன்னும் கஷ்டம். அடுத்த இதழை முதலில் வாங்கியவர் வீட்டில் அது ஊறுகாய் ஜாடிக்கு மூடியாகியிருக்கும்.

இப்படி ஒரு புதிரைக் கணக்கு வகுப்பில் மடியில் வைத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது வாத்தியார் பிடித்தார்.

“என்னடா பண்றே?”

“கணக்கு சார்.”

“கணக்கு வகுப்புல கணக்கைக் கவனிக்காம என்னடா கணக்கு?”

பத்திரிகை பறிமுதல். பெஞ்சு மேல் நில். ராமானுஜன் நடந்த தெருவில் நடந்துகொண்டு இப்படி உதவாக்கரையாக இருக்கிறாயே என்று ஒரு அர்ச்சனை வேறு. எங்கள் ஊரில் கணக்கில் மார்க்குக் குறைந்த எல்லாப் பையன்களுக்கும் இந்த அர்ச்சனை உண்டு. அதே ஊர் அரசுக் கல்லூரியில் ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

மடியில் பத்திரிகையை வைத்துக்கொள்வதில் எனக்கு முன்னோடி ராமானுஜனின் சிநேகிதர்தான் என்பது பிற்பாடு தெரிந்தது. 1914 டிசம்பர். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளால் பேர் வாங்கிய ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் ஹென்றி டூட்னி என்பவர் புதிர்ப் பகுதி எழுதி வந்தார். அந்த மாதப் புதிர் ஒரு கிராமத்துச் சத்திரத்தில் நடக்கிறது. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஊர்க்காரர்கள் வம்பளக்கிறார்கள். யுத்தம் தொடங்கி நாலு மாதம்; பெல்ஜியத்தில் லூவேன் நகரத்தை ஜெர்மானியர்கள் கொளுத்திவிட்டார்கள். அந்த ஊரை அறிந்த ஒரு கனவான் சொன்னதாக ஒருவர் சொல்கிறார்: அவருடைய சிநேகிதர் வீடு ஒரு நீளமான தெருவில் இருந்தது. வீட்டு எண்கள் ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் போகும். சிநேகிதர் வீட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எண்களைக் கூட்டினாலும் அந்தப் பக்கம் இருக்கும் எண்களைக் கூட்டினாலும் ஒரே தொகை. தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். சிநேகிதர் வீடு எத்தனையாம் நம்பர்?

கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ், பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர், இதைச் சில நிமிஷத்தில் போட்டுப் பார்த்து விடை கண்டுவிட்டார். ராமானுஜனின் அறைக்குப் போய்ப் படித்துக் காட்டினார். ராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். கிளறுவதை நிறுத்தாமலே, எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு தொடர்பின்னத்தைச் சொன்னார். அதில் இந்த ஒரு தெருவுக்கு மட்டுமல்ல, இந்தக் குணமுள்ள எல்லாத் தெருவுக்கும் விடை இருந்தது. எட்டு வீட்டுத் தெருவில் 6-ஆம் நம்பர். 49 வீட்டுத் தெருவில் 35. டூட்னி கேட்ட தெருவில் 288 வீடுகள், சிநேகிதர் வீடு 204. இதை எழுதிவைத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன், ராமானுஜன் பற்றிய தன் புத்தகத்தில். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த வாணலிதான். பரீட்சை ஹாலில் கேட்டிருந்தால் அது வெறும் சமன்பாடு. சமையல் நேரத்தில், ஊர் வம்பாக வந்ததால் தாளிப்போடு சேர்ந்து விடையும் இறங்கியது.

கல்லூரி நாளில் சென்னைக்குப் போகும்போதெல்லாம் மூர் மார்க்கெட்டுக்கு ஒரு நடை உண்டு. 1985-இல் அது எரிவதற்கு முன்னால் அங்கே கிடைக்காத பழைய புத்தகம் இல்லை. ஒரு கடையில் ஒரு தடித்த ஜோசியப் புத்தகத்துக்கு அடியிலிருந்து மார்ட்டின் கார்ட்னரின் புதிர்க் கட்டுரைத் தொகுப்பை உருவினேன். கால் நூற்றாண்டுக் காலம் ஓர் அறிவியல் மாத இதழில் கணக்கு விளையாட்டைப் பற்றி எழுதியவர் அவர். அதில்தான் தேங்காய்க் கதை இருந்தது.

1926 அக்டோபர் 9-ஆம் தேதியிட்ட சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் பென் ஏம்ஸ் வில்லியம்ஸ் ஒரு நகைச்சுவைச் சிறுகதை எழுதினார். பெயரே தேங்காய்கள்தான். ஒரு கட்டட கான்ட்ராக்டர். போட்டிக்காரனுக்குப் பெரிய வேலை ஒன்று போய்விடக் கூடாது. கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கும் ஒரு கில்லாடிக்கு, அந்தப் போட்டிக்காரனுக்குப் புதிர்ப் பைத்தியம் உண்டு என்பது தெரியும். நேரே போய் அவனிடம் ஒரு புதிரைப் போட்டுவிட்டு வருகிறான். அவன் அதைக் குடைந்துகொண்டே உட்கார்ந்து டெண்டர் போடும் நேரத்தைத் தவறவிடுகிறான். நம் ஊரில் டெண்டர் தவறவிட வைக்கப் பல உத்திகள் புழக்கத்தில் உண்டு. இவ்வளவு நாகரிகமான ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் புதிர்: ஐந்து பேரும் ஒரு குரங்கும் ஒரு தீவில் ஒதுங்குகிறார்கள். பகல் முழுக்கத் தேங்காய் பொறுக்கிக் குவித்துவிட்டு, காலையில் பங்கு போடலாம் என்று படுக்கிறார்கள். நடுராத்திரி ஒருவன் விழிக்கிறான். மற்றவர்கள் மேல் நம்பிக்கை இல்லை. குவியலை ஐந்தாகப் பிரிக்கிறான், ஒன்று மிஞ்சுகிறது, அதைக் குரங்குக்குப் போடுகிறான், தன் பங்கை ஒளித்துவிட்டு மிச்சத்தை ஒன்றாகக் குவித்துப் படுத்துவிடுகிறான். அடுத்தவன் விழிக்கிறான். அவனும் அதே. இப்படி ஐந்து பேரும். காலையில் மிச்சத்தைப் பங்கு போட்டால் ஐந்து பேருக்கும் சரியாக வருகிறது. முதலில் எத்தனை தேங்காய் இருந்தன?

வில்லியம்ஸ் கதையில் விடையைச் சொல்லவே இல்லை. முதல் வாரத்திலேயே பத்திரிகைக்குச் சுமார் 2,000 கடிதங்கள். ஆசிரியர் லோரிமர், எத்தனை தேங்காய் என்று சொல்லித் தொலையும், இங்கே ரகளையாக இருக்கிறது என்கிற தினுசில் எழுத்தாளருக்குத் தந்தி அடித்தார். அடுத்த 20 வருஷம் வில்லியம்ஸுக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. கதையில் ஒருவன் டெண்டரை விட்டான். கதைக்கு வெளியே எத்தனை பேர் எதை எதை விட்டார்களோ!

மிகச் சிறிய விடை 3,121. காலையிலும் குரங்குக்கு ஒன்று போக வேண்டும் என்கிற பழைய வடிவத்துக்கு 15,621. இந்த இரண்டாவதுக்குக் கார்ட்னர் ஒரு குறுக்கு வழி சொல்கிறார். இயற்பியலாளர் டிராக்கின் பேரில் வழங்குவது. குவியலில் மைனஸ் நான்கு தேங்காய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குரங்குக்கு ஒன்று கொடுத்தால் மைனஸ் ஐந்து. அதில் ஐந்தில் ஒரு பங்கு மைனஸ் ஒன்று; அதை ஒளித்தால் மறுபடி மைனஸ் நான்கு. எத்தனை பேர் விழித்தாலும் குவியல் அசையாது. ஆறு தடவை ஐந்தைப் பெருக்கினால் வரும் 15,625-ஐ அதோடு கூட்டிவிட்டால் நிஜத் தேங்காய் வந்துவிடும். இல்லாத தேங்காயைத் திருடுவது என்னோடு படித்த எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கே சற்று உறுத்தியது. ஊருக்குப் போய்ப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவருக்கு உறுத்தவில்லை. “மண்டியில பாதி வியாபாரம் அப்படித்தான் ஓடுது. பற்றுல எழுதிட்டுப் பங்கு பிரிக்கறான், பலே கை” என்றார். 3,121 வடிவத்தில் காலையில் ஆளுக்குக் கிடைப்பது 204 காய். லூவேன் தெருவில் அந்த வீட்டு நம்பரும் 204. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது என்று சொன்னபோது மட்டும் அவர் நம்பவில்லை.

இப்போது நிலைமை ரொம்ப முன்னேறிவிட்டது. எங்களைப் பெஞ்சு மேல் ஏற்றிய குற்றம் இன்று பாடத்திட்டத்தில் இருக்கிறது. பேத்தியின் பள்ளிக்கூடத்தில் கணித மன்றம் உண்டு, அதற்கென்று பீரியட் உண்டு. ‘விளையாட்டாகக் கணிதம்’ என்று புதிர்கள் செயலியில் வரும், வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும், மதிப்பெண் ஐந்து. பிள்ளைகள் அதைப் பெற்றோரிடம் தள்ளிவிட்டு ஓடுகிறார்கள். பெற்றோர் செல்போனிடம் தள்ளிவிட்டு ஓடுகிறார்கள். எந்த வாத்தியாரும் பறிமுதல் செய்ய முன்வராததால் அந்தப் புதிர்களுக்கு இன்னும் மவுசு பிறக்கவில்லை.

தெருமுனைப் பயிற்சி மையத்தில் வங்கித் தேர்வுக்குப் புதிர் சொல்லித் தருகிறார்கள். எட்டுப் பேர் ஒரு வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஏ என்பவருக்கு இடப்புறம் மூன்றாவதாக பி. சி மையத்தைப் பார்க்காமல் வெளியே பார்க்கிறார். இந்த எட்டுப் பேரும் வருஷக்கணக்காக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு டீ வந்ததில்லை, ஒரு வடை வந்ததில்லை. சிக்கு என்ன கோபம், ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று கேட்டால், “சார், அதுக்கெல்லாம் டைம் இல்லை, ஒரு கேள்விக்கு நாற்பது செகண்டுதான்” என்கிறார் எதிர்வீட்டுப் பையன். அவர் சொல்வது நியாயம். அவருக்கு வேண்டியது வேலை. சியின் மனக்குறை இல்லை.

போன மாதம் பேத்திக்குத் தேங்காய்க் கதை சொன்னேன். ஆறாம் வகுப்பு. இரண்டாவது ஆள் எழுந்து குவியல் பக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே அவள் அம்மாவின் போனை எடுத்து, ஏதோ சொல்லி, “3,121 தாத்தா” என்றாள். 2,000 பேர் தபால் செலவு பண்ணிக் கேட்ட விடை. மிச்ச மூன்று திருடர்களை அப்படியே தூங்கவைத்துவிட்டு நான் பேப்பரைப் பிரித்தேன்.

சற்று நேரம் கழித்து அவளே வந்தாள். “காலையில குவியல்ல எத்தனை இருந்துது?”

“1,020.”

“ராத்திரி மூவாயிரத்துக்கு மேல இருந்துது. காலையில ஆயிரம்தான் இருக்கு. ஒருத்தர்கூட ஏன்னு கேக்கலையா?”

“கேட்டா, நீ எப்ப எழுந்து எண்ணினேன்னு அடுத்தவன் கேட்பானே.”

அவளுக்கு அது பிடித்துவிட்டது. போனில் கிடைக்காத சங்கதி. காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆளுக்கு எவ்வளவு ஆச்சு என்று எழுத ஆரம்பித்தாள். திருடியதும் காலைப் பங்கும் சேர்த்து முதல் ஆளுக்கு 828. இரண்டாமவனுக்கு 703. மூன்றாமவனுக்கு 603, நான்காமவனுக்கு 523, கடைசி ஆளுக்கு 459. திருடாமல் ஒழுங்காகப் பங்கு போட்டிருந்தால் ஆளுக்கு 624.

“தாத்தா, இந்த மூணு பேரும் திருடியும் நஷ்டம்!”

இத்தனை வருஷம் இந்தக் கதையைச் சொல்லி வருகிறேன். இந்தக் கோணத்தில் யாரும் அதைத் தணிக்கை செய்து பார்த்ததில்லை. பெரியப்பா இருந்திருந்தால் மண்டியில் வேலை போட்டுக் கொடுத்திருப்பார்.

“லாபம் யாருக்குத் தெரியுமா? குரங்குக்கு. நியாயமா பிரிச்சிருந்தா அதுக்கு ஒரே ஒரு தேங்காய். இப்ப அஞ்சு. அது எதையும் திருடவே இல்லை, பார்த்துட்டுச் சும்மா இருந்துது, அவ்வளவுதான்” என்றவள், ஆறு பேராக இருந்தால் குரங்கு என்ன ஆகியிருக்கும் என்று அடுத்த காகிதத்தைக் கிழித்தாள்.

அதற்குள் சமையலறையிலிருந்து மருமகளின் குரல் வந்தது: “கதை பேசினது போதும். உள்ளே வந்து கணக்கைப் போடு!”